சரயேவோவுக்குப் பின் 37 நாட்கள்

1914ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பொஸ்னியாவின் தலைநகராகிய சரயேவோவில், ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்டும் அவர்தம் மனைவி சோபியும் மோட்டார் வண்டியிற் பவனி சென்றனர். அன்று காலை அவர்களை நோக்கி எறியப்பட்ட வெடிகுண்டு குறி தவறியது. நகர மண்டபத்திலிருந்து மீளும்போது, சாரதி வழி பிசகி வண்டியை வேறொரு தெருவில் திருப்பிவிட்டான். அவ்விடத்தில் நின்றிருந்த கவ்ரிலோ பிரின்சிப் என்னும் 19 வயது இளைஞன் இரு முறை சுட்டான். இளவரசரும் மனைவியும் மாண்டனர்.

இச்சம்பவமே முதலாம் உலகப் போருக்குக் காரணம் என்பது பலரும் கூறும் கூற்று. அது முழு உண்மையன்று. 1894இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் கார்னோ லியோன் நகரில் ஓர் இத்தாலியனாற் கொல்லப்பட்டார். 1898இல் ஒஸ்திரியப் பேரரசி எலிசபெத் ஜெனீவாவில் மற்றோர் இத்தாலியனாற் கொல்லப்பட்டார். ஆயினும் இவற்றின் பொருட்டு எந்நாடும் இத்தாலிமீது படையெடுக்கவில்லை. ஈரநிலத்தில் விழும் தீப்பொறி அவிந்துவிடும். வைக்கோற்போரில் விழுவதே ஊரை எரிக்கும்.

1914இல் ஐரோப்பா அத்தகைய வைக்கோற்போராக இருந்தது. 1908இல் பொஸ்னியாவை ஒஸ்திரியா தன்னுடன் இணைத்துக்கொண்டமை சேர்பியரின் நெஞ்சிற் புண்ணாக இருந்தது. 1912, 1913ஆம் ஆண்டுகளின் போல்கன் போர்களால் வலிமை பெற்ற சேர்பியாவை அடக்கவேண்டும் என வியன்னாவின் படைத்தலைவர் முனைந்து நின்றனர். ஒஸ்திரியாவுக்கு ஜேர்மனி துணை. ருஷ்யா சேர்பியாவை ஆதரித்தது. ருஷ்யாவுக்குப் பிரான்சு துணை. கொலையாளிகளுக்குச் சேர்பியப் படை அதிகாரிகள் சிலர் ஆயுதம் உதவியிருந்தமை வியன்னாவுக்கு வாய்ப்பாயிற்று. சேர்பியாமீது போர் தொடுத்தலாகாது என அதுகாறும் தடுத்துவந்தவர்களுள் ஒருவர் கொலையுண்ட அதே இளவரசர் என்பதுதான் விந்தை.

ஆயினும், கொலைக்கும் ஒஸ்திரியாவின் போர்ப் பிரகடனத்துக்கும் இடையே ஒரு மாதம் இருந்தது. அம்மாதத்தை ஆட்சியாளர் எவ்வாறு கழித்தனர் என்பதே நேயர்கள் சிந்திக்கத்தக்கது. யூலை 5ஆம் திகதி, ஒஸ்திரியா எது செய்யினும் ஜேர்மனி துணைநிற்கும் எனக் கைசர் வில்லியம் வாக்களித்தார். 23ஆம் திகதி, 10 கோரிக்கைகளை விதித்து, 48 மணி நேரத்துள் விடை வேண்டும் எனச் சேர்பியாவுக்கு ஒஸ்திரியா இறுதி எச்சரிக்கை விடுத்தது. சேர்பியா பெரும்பாலானவற்றுக்கு இணங்கியது. அவ்விடையை 28ஆம் திகதி வாசித்த கைசர், இனிப் போருக்குக் காரணமில்லை என எழுதினார். அன்றே ஒஸ்திரியா போர்ப் பிரகடனம் செய்துவிட்டது!

மறுநாள் இரவு, ருஷ்யாவின் சார் மன்னர் நிக்கலஸ், கைசரின் தந்தி கண்டு, முழுப் படைதிரட்டற் கட்டளையை மீட்டுக்கொண்டார். 30ஆம் திகதி அமைச்சரும் படைத்தலைவரும் வற்புறுத்தவே, மீண்டும் கட்டளையிட்டார். ஆகஸ்டு 1ஆம் திகதி, படையை ருஷ்யாவை நோக்கி மட்டும் செலுத்தலாமா என்று கைசர் வினவியபோது, வகுத்த திட்டத்தை மாற்ற இயலாது என்றார் அவருடைய தளபதி மோல்ற்கே. அன்றே ஜேர்மனி ருஷ்யாமீதும், 3ஆம் திகதி பிரான்சுமீதும் போர் தொடுத்தது. 4ஆம் திகதி ஜேர்மன் படை பெல்ஜியத்துட் புகவே, பிரித்தானியாவும் போரில் இறங்கியது.

அத்தீ கடல் கடந்தும் பரவியது. செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு 'எம்டன்' என்னும் ஜேர்மன் கப்பல் சென்னையிலிருந்த எண்ணெய்க் கொள்கலங்களைச் சுட்டு எரித்தது. மிடுக்கும் தந்திரமும் உடையவனை 'எம்டன்' என்று தமிழ் மக்கள் அழைக்கும் வழக்கம் அதனால் எழுந்தது.

1918இல் போர் முடிவுற்றபோது ஏறக்குறைய ஒரு கோடி போர்வீரர் மடிந்திருந்தனர். ஒஸ்திரிய, ருஷ்ய, ஜேர்மன் முடியாட்சிகள் வீழ்ந்திருந்தன. பிரின்சிப் அவ்வாண்டு ஏப்பிரிலிலேயே சிறையிற் காசநோயால் இறந்துபோனான்.

கொலைஞன் கைத்துப்பாக்கி இரண்டு உயிர்களையே பறித்தது. ஏனைய உயிர்கள் பறிபோவதற்கான கட்டளைகள் மந்திராலோசனை மண்டபங்களிற் பிறந்தன. ஒவ்வொருவரும் மற்றவர் பின்வாங்குவார் என்று காத்திருந்தனர். தாம் முதலிற் பின்வாங்குவது தமது நாட்டுக்கு இழிவெனக் கருதினர். கொடிய கொலை ஒன்று நிகழும்போது மக்கள் கொதிப்பது இயல்பு. அக்கொதிப்பு ஆறும்வரை பொறுத்திருக்கும் துணிவு ஆள்வோருக்கு வேண்டும் என்பதே அந்த 37 நாட்களும் உணர்த்தும் பாடமாகும்.