வழக்குரைஞர் தொழிலில் இடர்காப்பும் அறமும் உளநலமும்



இவ்வவையில் வழக்குரைஞர்கள் இருப்பர்; வழக்குரைஞரை நாடிச் சென்ற கட்சிக்காரர்கள் இருப்பர்; பிள்ளையைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு அவர்தம் எதிர்காலத்தை எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோரும் இருப்பர். மூவருக்கும் பொதுவான ஒரு செய்தியே இவ்வுரையின் பொருள். தொழிலில் நேரும் இடர், தொழிலுக்குரிய அறம், தொழில் செய்வோரின் உளநலம் ஆகியவற்றைத் தனித்தனியே பேசுவது வழக்கம். ஆயினும் வழக்குரைஞர் அலுவலகத்தில் மூன்றும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. தவறு நேர்ந்த அன்றே அதை உரியவரிடம் சொல்லும் துணிவு உண்டா இல்லையா என்பதே அவ்விடம்.

தமிழ்நாட்டில் எழுந்த முறையீடு ஒன்று 1970களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் தாம் கொடுத்த கடனைத் திரும்பப் பெற வேண்டி, இரண்டு புரோநோட்டுகளை ஒரு வழக்குரைஞரிடம் ஒப்படைத்தனர். செலவுக்கும் கட்டணத்திற்கும் பணம் கொடுத்தனர். வழக்குகள் தாக்கல் செய்யப்படவில்லை. ஆனால் தாக்கல் ஆகிவிட்டதாகவே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மாநில வழக்குரைஞர் மன்றம் அந்த வழக்குரைஞரை ஆறு ஆண்டுகள் தொழில் செய்யத் தடை விதித்தது. இந்திய வழக்குரைஞர் மன்றம் அதனை ஓராண்டாகக் குறைத்தது. தொழில்நெறி தவறியது உண்மை என்பதை உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆயினும் தண்டனை என்பது திருந்துவதற்கும் வழியாக வேண்டும் எனக் கருதி, ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவிப் பணியை அவர் ஆற்றுமாறு தீர்ப்பில் வகை செய்தது.

புரோநோட்டு வழக்கில் ஒரு நாள் தவறினாலும் என்ன நேரும் என்பதைக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய கடனுக்கு எழுதப்படும் புரோநோட்டுக்கு, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகளே தருகிறது. அது நோட்டு எழுதிய நாளிலிருந்து எண்ணப்படும்.  அதற்குள் கடன் வாங்கியவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் அந்நாளிலிருந்து புதிய கெடு தொடங்கும். மேல்முறையீடு தாமதமானால், தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்குமாறு வேண்டலாம். மூல வழக்கிற்கு அச்சலுகை இல்லை. கெடு கடந்தால், முதுமைக்கெனச் சேர்த்த பணம் நீதிமன்றத்தின் வழியே திரும்பும் வாய்ப்பு அற்றுப்போகிறது.

இத்தகைய தவறுகள் எல்லாம் பேராசையில் பிறப்பவை அல்ல. பல சிறு மறதியில் பிறக்கின்றன. கட்டு மேசையின் அடியில் தங்கிவிடுகிறது. குமாஸ்தா எடுத்து வைத்திருப்பார் என்று இளநிலை வழக்குரைஞரும், இளையவர் பார்த்திருப்பார் என்று மூத்தவரும் எண்ணிக்கொள்கின்றனர். கட்சிக்காரர் வந்து கேட்கும்போது நாணம் தடுக்கிறது. "போட்டாயிற்று" என்ற ஒரு சொல் வெளிவருகிறது. அடுத்த வாய்தாவுக்கு இன்னொரு பொய் தேவைப்படுகிறது. மறதி என்னும் இடர் பொய் என்னும் அறக்கேடாகி, நெஞ்சை அரிக்கும் அச்சமாக முடிகிறது. அந்த அச்சத்தோடு உறங்கச் செல்பவர் மறுநாள் மற்ற கட்டுகளையும் திறக்க அஞ்சுவார்.

ஆதலால் அலுவலகத்தில் முதற்காப்பு நாட்குறிப்பே. வக்காலத்தில் கையொப்பம் பெறும் நாளிலேயே கெடு முடியும் நாளைக் கணக்கிட்டு, இருவர் தனித்தனியே சரிபார்த்து, இரண்டு இடங்களில் குறிக்க வேண்டும். கடைசி நாளுக்கு ஒரு திங்கள் முன்னரே தாக்கல் செய்வதை அலுவலக வழக்கமாக்கிக் கொள்ளலாம். தவறு நேர்ந்துவிட்டால், அன்றே மூத்தவரிடமும் கட்சிக்காரரிடமும் சொல்லுதல் வேண்டும். தவற்றைச் சொன்ன இளையவரைக் கடிந்து விரட்டும் அலுவலகம், அடுத்த தவற்றை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது.

பணத்திலும் அதே தெளிவு வேண்டும். கட்சிக்காரர் தரும் தொகையில் கட்டணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கணக்கு வைக்க வேண்டும் என்பது இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் விதி. வெற்றி பெற்றால் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வதற்கு அவ்விதிகளில் இடமில்லை. கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்கலாகாது என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உறவினர் நிறைந்த சிறு சமூகத்தில் இன்னோர் இடரும் உண்டு. பாகப்பிரிவினை பற்றி அண்ணன் வந்து ஆலோசனை கேட்கிறார். ஓராண்டு கழித்து அதே சொத்துக்காகத் தம்பி வருகிறார். இருவரும் மாமன் மைத்துனர் முறை. மறுக்க மனம் வராது. ஆயினும் ஒரு வழக்கில் ஒருவருக்கு ஆலோசனை கூறியவர் அதே வழக்கில் எதிர்த்தரப்பில் தோன்றலாகாது என விதி தடுக்கிறது. "உங்கள் அண்ணனின் மறைபொருள் இங்கே இருக்கிறது, வேறொருவரிடம் செல்லுங்கள்" என்று கைகூப்பிச் சொல்வதே உறவையும் தொழிலையும் காக்கும். அவ்வாறு சொல்லும் வழக்குரைஞரைக் குடும்பத்தார் மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

புதிய கருவிகள் புதிய இடரைக் கொணர்ந்துள்ளன. 2023ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில், செயற்கை நுண்ணறிவுக் கருவி புனைந்து தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்குரைஞர்களுக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. கருவியைப் பயன்படுத்தியதை அந்த நீதிபதி குற்றமாகக் கொள்ளவில்லை. ஐயம் எழுந்த பின்னரும் உண்மையை உடனே ஒப்புக்கொள்ளாமல் அப்போலித் தீர்ப்புகளைப் பற்றி நின்றதே கடிந்துரைக்கப்பட்டது. ஊரும் கருவியும் வேறாயினும், புரோநோட்டு வழக்கில் கண்ட பிழையே இங்கும் காணப்படுகிறது.

இனி உளநலம். வழக்குரைஞர் பிறர் துயரைச் சுமப்பவர். மணமுறிவு, கொலை, நிலப்பறிப்பு எனப் பகலெல்லாம் கேட்டவற்றை வீட்டில் சொல்லவும் இயலாது. கட்சிக்காரர் கூறியதை வெளியிடலாகாது என்னும் கடமை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. இக்கடமை உயர்ந்தது, ஆனால் அதனால் வழக்குரைஞர் தனிமைப்படுகிறார். தொழிலின் தொடக்க ஆண்டுகளில் வருமானமும் நிலையாக வருவதில்லை. இரவு பத்து மணிக்கும் கைபேசியில் செய்தி வருகிறது. ஆகவே கட்சிக்காரரின் பெயரும் மறைபொருளும் வெளிப்படாமல், தம் மனச்சுமையை இறக்கி வைக்க நம்பிக்கைக்குரிய மூத்தவர் ஒருவர் வேண்டும். உறக்கமின்மையும் எரிச்சலும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுதல் இழுக்காகாது. 2022இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் உளநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

குடும்பத்தார்க்கும் கடமை உண்டு. வழக்குரைஞரின் இல்லத்தார் "இன்று வெற்றியா?" என்று கேட்பதைக் குறைத்து, "இன்று சாப்பிட்டாயா, உறங்கினாயா?" என்று கேட்கலாம். கட்சிக்காரர்களாகச் செல்வோர் கொடுத்த ஆவணங்களுக்கும் பணத்திற்கும் ரசீது பெறட்டும். வழக்கு தாக்கலானதும், எழுத்தும் எண்ணுமாக 16 குறிகள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் கேட்டுப் பெறட்டும். அதைக் கொண்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் நிலையையும் அடுத்த வாய்தாவையும் வீட்டிலிருந்தே அறியலாம். இது வழக்குரைஞரை ஐயுறுவது ஆகாது. மறதி பொய்யாக மாறுமுன் இருவரையும் காக்கும் வேலி அது. ஏதேனும் தவறிவிட்டது என்று அவரே முன்வந்து சொன்னால், சினந்து எழாமல், அடுத்து என்ன செய்ய இயலும் என்று கேட்கட்டும்.

அந்த முதியவரும் அவர் மனைவியும் வாசலில் வந்து நின்ற ஏதேனும் ஒரு நாளில், "இன்னும் போடவில்லை, நாளை போட்டுவிடுகிறேன்" என்ற உண்மை சொல்லப்பட்டிருந்தால், உச்ச நீதிமன்றத்திற்கு அவ்வழக்கு சென்றிருக்க வேண்டியதில்லை. கறுப்பு அங்கி அணியப் போகும் இளைஞர்கள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகட்டும். கேட்போர் அதைப் பொறுமையோடு கேட்கப் பழகட்டும்.