ஆண்டறிக்கையைத் திறந்து பார்த்ததுண்டா?



சிவகிரி என்றதும் சிலர் ஈரோட்டுப் பக்கம் கையைக் காட்டுவார்கள். அங்கேயும் ஒரு சிவகிரி உண்டு. நான் சொல்வது தென்காசி மாவட்டத்துச் சிவகிரி. சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்து, பிறகு தனித் தாலுகாவாகி, 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்த ஊர். மேற்கே மலை. கிழக்கே குளமும் வயலும். நடுவே ராஜபாளையத்தையும் தென்காசியையும் இணைக்கிற ரோடு. காலையில் அந்த ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளில் பி.காம். முடித்துவிட்டு எம்.காம். சேர்ந்திருப்பவர்களிடம்தான் இன்று பேசப்போகிறேன். அவர்களைப் படிக்க அனுப்பியிருக்கிற வீட்டாரும் கேட்கலாம். கேட்க வேண்டும் என்றே சொல்வேன்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கையான வசதி இருக்கிறது. வடக்கே பஸ் ஏறினால் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே ராஜபாளையம். அது விருதுநகர் மாவட்டம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எல்லை. தெற்கே ஏறினால் வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று போய், 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லை. எந்தப் பக்கம் பஸ் ஏறுகிறோமோ அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம். ஆனால் உள்ளே போனால் படிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர், கம்பெனிக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு, நிதி மேலாண்மை, வருமான வரி, ஜிஎஸ்டி, கடைசியில் ஒரு புராஜெக்ட்.

படித்து என்ன கிடைக்கும் என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எம்.காமுடன் பி.எட். இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். நெட் தேர்வு எழுதினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தகுதி. வங்கித் தேர்வு எழுதலாம், ஆனால் அதற்கு ஏதாவது ஒரு பட்டமே போதும். ஆடிட்டர் ஆபீஸில் சேரலாம், அங்கே முதலில் கேட்பது டேலி தெரியுமா, ரிட்டர்ன் போடத் தெரியுமா என்பதைத்தான். சி.ஏ. மேல் ஆசை இருக்கிறவர்கள் எம்.காமுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பி.காமில் 55 விழுக்காடு இருந்தாலே முதல் நிலைத் தேர்வைத் தாண்டி நேரே இன்டர்மீடியட்டுக்குப் பதிந்துகொள்ளலாம். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆடிட்டரிடம் பயிற்சிக் காலம் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சி.ஏ. தேர்ச்சியை முதுகலைப் பட்டத்துக்குச் சமமாக 2021-இலேயே யுஜிசி ஏற்றுக்கொண்டது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்கிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெண் பிள்ளைகள் வீட்டில் பணக் கணக்கு வேறொன்றும் வரும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் இளநிலைப் படிப்போடு நின்றுவிடுகிறது. எம்.காமுக்கு அந்த ஆயிரம் வராது. பஸ் செலவு கையிலிருந்துதான். ‘மேலே படித்து என்ன செய்யப் போகிறாய்’ என்று வீட்டில் கேள்வி எழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அப்போது சிவபோகம் என்ற பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆர். சிவபோகம், சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-இல் கணக்கியல் தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். சிறைக்குப் போனவர்கள் இந்தத் தொழில் செய்யக் கூடாது என்ற விதி குறுக்கே நின்றபோது வழக்காடி வென்று தனியாகத் தொழில் தொடங்கினார். 1955-இலிருந்து 1958 வரை பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்தியக் கிளைக்குத் தலைவராகவும் இருந்தார். நம் மாணவிகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எம்.காம். வகுப்பில் பாடங்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவது பழக்கம். தியரி பேப்பர், ப்ராப்ளம் பேப்பர். ப்ராப்ளம் பேப்பரில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ‘எக்ஸ் லிமிடெட்’, ‘ஒய் லிமிடெட்’ என்று இரண்டு கம்பெனிகளைக் கொடுத்து இணைக்கச் சொன்னால் பத்துப் பக்கம் கோடு போட்டு இரண்டு பக்கமும் சரியாகக் கூட்டிக் காட்டுவார்கள். ஆனால் இந்த எக்ஸும் ஒய்யும் எங்கே இருக்கின்றன? எந்த ஊரிலும் இல்லை. உண்மையான ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து பார்க்காமலே ஒருவர் கணக்கியலில் முதுகலைப் பட்டம் வாங்கிவிடலாம் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கை காசு கொடுத்து வாங்குகிற பொருள் இல்லை. கம்பெனியின் இணையதளத்தில் இருக்கிறது, பங்குச் சந்தையின் தளத்திலும் இருக்கிறது. போனில் இறக்கிக்கொள்ளலாம்.

எந்தக் கம்பெனி என்று கேட்டால், பஸ் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள் என்பேன். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனி. மெட்ராஸ் சிமென்ட்ஸ் என்ற பெயரை 2013-இல் மாற்றிக்கொண்ட ராம்கோ சிமென்ட்ஸும் அதே குழுமம்தான். ராஜபாளையம் மில்ஸின் ஆண்டறிக்கையை எடுத்தால் அதில் இரண்டு லாப நட்டக் கணக்குகள் இருக்கும். ஒன்று தனி, இன்னொன்று ஒருங்கிணைந்தது. இரண்டிலும் லாபம் வேறு வேறாக இருக்கும். ஏன்? நூல் விற்றுக் கிடைத்தது ஒரு கதை. அந்த மில் கையில் வைத்திருக்கிற ராம்கோ சிமென்ட்ஸ் பங்குகளுக்குரிய லாபம் இன்னொரு கதை. இணை நிறுவனம் என்ற கணக்கில் அந்தப் பங்கு லாபம் ஒரே வரியாக வந்து சேர்கிறது. ‘ஈக்விட்டி மெத்தட்’ என்று வகுப்பில் மனப்பாடம் செய்த ஐந்து மார்க் கேள்வி இங்கே நம் பக்கத்து ஊர் மில்லின் பெயரோடு நிற்கிறது.

அதில் ஒரு நல்ல முடிச்சும் இருக்கிறது. பாடப் புத்தகம் என்ன சொல்கிறது? இருபது விழுக்காடு அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருந்தால் இணை நிறுவனம் என்று கொள்ளலாம். ராஜபாளையம் மில்ஸ் ராம்கோ சிமென்ட்ஸில் வைத்திருப்பது இருபதுக்கும் குறைவு. பிறகு எப்படி அது இணை நிறுவனம் ஆனது? விடையை நான் சொல்லப்போவதில்லை. அறிக்கையின் குறிப்புகளில் இருக்கிறது.

இப்போது தெற்குப் பக்கம் வருவோம். அங்கே இருப்பது இத்தனை இனிப்பான கதை இல்லை, சர்க்கரை ஆலைக் கதைதான் என்றாலும். வாசுதேவநல்லூரில் தரணி சுகர்ஸ் கம்பெனியின் ஆலை. இந்த வட்டாரத்துக் கரும்பு அங்கேதான் போனது. வெட்டி அனுப்பிய கரும்புக்குப் பணம் வரவில்லை என்று விவசாயிகள் போராடினார்கள். 2021-இல் கம்பெனி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் திவால் நடைமுறைக்குள் போனது. சிவகிரிப் பக்கம் கரும்பு போட்ட வீடுகளில் இதை ஒருவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் எம்.காம். படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் அதற்கு இதில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலாவது, வட்டி. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பை ஒப்படைத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க் கரும்புக்குச் சரியாக ஒரு வருடம் கழித்துப் பணம் வருகிறது என்று வையுங்கள். 14 நாள் போக மீதி 351 நாளுக்கு வட்டி 14,425 ரூபாய். ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் நிலுவை கேட்டுப் போகிறவர் கையில் இந்தத் தொகையும் எழுதியிருக்கிறதா என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

இரண்டாவது, வரிசை. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒன்றில்லை. வங்கிகள் நிதிக் கடன் கொடுத்தவர்கள். கரும்பு கொடுத்த விவசாயி சரக்குக் கொடுத்தவர். கம்பெனியின் கதியை முடிவு செய்கிற கடனீந்தோர் குழுவில் ஓட்டு நிதிக் கடன் கொடுத்தவர்களுக்குத்தான். விவசாயிக்கு அங்கே ஓட்டு இல்லை. கம்பெனியை விற்றுப் பிரிக்கிற நிலை வந்தால், முதலில் நடைமுறைச் செலவு. அடுத்து தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும் அடமானம் வாங்கிய வங்கிகளும். பிறகு மற்ற ஊழியர்கள், அடமானமில்லாமல் பணம் கொடுத்தவர்கள், அரசு. இத்தனை பேருக்கும் பிறகு ‘மீதமுள்ள கடன்கள்’ என்று ஒரு வரி வரும். சரக்குக் கொடுத்தவர் அந்த வரியில் நிற்கிறார். கம்பெனிச் சட்டத் தாளில் இந்த வரிசையை எழுதி மார்க் வாங்கியவர்கள், தங்கள் அப்பா அதில் எத்தனையாவது ஆள் என்று எண்ணிப் பார்த்தார்களா?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஒரு கம்பெனி தள்ளாடுவது ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. ஆண்டறிக்கையில் முன்கூட்டியே தடம் விழும். சரக்குக் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி வருடா வருடம் ஏறும். நடப்புச் சொத்தை விட நடப்புக் கடன் மிஞ்சும். தணிக்கையாளர் அறிக்கையில், இந்த நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதில் பெரிய ஐயம் இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதியிருப்பார். நிறுவனத் தொடர்ச்சி என்று பிளஸ் ஒன்னில் ஒரு அனுமானமாகப் படித்தோமே, அதைத்தான் அவர் அங்கே கேள்விக்கு உள்ளாக்குகிறார். கரும்பு போடுவதற்கு முன் இந்த மூன்றையும் வாசிக்க ஒரு ஆள் ஊரில் இருந்தால் எந்த ஆலைக்கு அனுப்புவது, எவ்வளவு நிலத்தில் போடுவது என்ற பேச்சே வேறாக இருக்கும். நான் இதை மிகைப்படுத்தவில்லை. கரும்புக்குப் பக்கத்தில் வேறு ஆலை இல்லாதவருக்கு வாசிப்பு மட்டும் பணம் வாங்கித் தராது என்பதும் எனக்குத் தெரியும்.

அறிக்கையில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று தானே ஒப்புக்கொண்டார். தணிக்கை முடிந்து கையெழுத்தான கணக்கு அது. அதனால்தான் ஒரு எண்ணை இன்னொரு எண்ணோடு மோதவிட்டுப் பார்க்கப் பழக வேண்டும். வங்கியில் இத்தனை கோடி கிடக்கிறது என்றால் அதற்கு வட்டி வருமானம் எங்கே? விற்பனை ஏறியது என்றால் வசூல் ஏறியதா? லாபம் வந்தது என்றால் ரொக்க ஓட்ட அறிக்கையில் அது தெரிகிறதா? இந்த மூன்று கேள்விக்கும் கைடில் விடை இருக்காது.

நிதி மேலாண்மை படிக்கிறவர்களுக்கு வீட்டிலேயே வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் ஈமு கோழி, 2022-இல் ஆருத்ரா தங்க நிறுவனம் என்று பணம் போட்டுப் பறிகொடுத்தவர்களின் வரிசை நீளம். ஆருத்ராவில் மாதம் 25 முதல் 30 விழுக்காடு என்றார்கள். மாதம் 25 என்றால் நான்கே மாதத்தில் முழு முதலும் திரும்பி வர வேண்டும். எந்த வியாபாரம் அப்படி ஓடும்? முதல் செமஸ்டரில் பணத்தின் கால மதிப்பு படித்த பிள்ளை, இதைச் சாப்பாட்டு வேளையில் அத்தை மாமாவிடம் சொல்லத் தயங்கக் கூடாது.

புராஜெக்ட் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ‘வாடிக்கையாளர் திருப்தி, ஓர் ஆய்வு, சிவகிரி நகரத்தைச் சிறப்பாகக் கருத்தில் கொண்டு’ என்று ஒரு தலைப்பு. ஏதாவது ஒரு செல்போன் கம்பெனி அல்லது சோப்பு. நூறு பேரிடம் கேள்வித்தாள், அதில் பலதையும் விடுதி அறையிலேயே நண்பர்கள் நிரப்பிவிடுவார்கள். பிறகு விழுக்காடு, கை வர்க்கச் சோதனை, வண்ண அட்டை, தங்க எழுத்து. வருடா வருடம் இதே புத்தகம் வேறு பெயரில் நூலகத்தில் அடுக்கப்படுகிறது. வழிகாட்டுகிற ஆசிரியர்களான எங்களுக்கும் இதில் பங்குண்டு. வேறு தலைப்புகள் இந்த ரோட்டிலேயே கிடக்கின்றன. புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடையில் சரக்கு இறங்கிய நாளுக்கும் விவசாயிக்குப் பணம் போகிற நாளுக்கும் இடைவெளி எவ்வளவு? சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர் ஒருவரின் மூலதனம் நூலாகவும் சேலையாகவும் பாக்கியாகவும் எத்தனை நாள் முடங்கிக் கிடக்கிறது? நிதி மேலாண்மைப் பாடத்தில் படித்த நடைமுறை மூலதனச் சுழற்சி இதுதான். நோட்டோடு போய் நாலு கடையில் கேட்டால் ஒரு கடைக்காரராவது சொல்வார்.

புத்தகம் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அக்கா, அண்ணன் படித்த புத்தகத்தை வாங்கிப் படிப்பது நம் பக்கத்து வழக்கம், நல்ல வழக்கம்தான். வரிப் பாடத்துக்கு மட்டும் அது ஆகாது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று குழம்பியதெல்லாம் போய் ‘வரி ஆண்டு’ என்று ஒன்றாகிவிட்டது. ஜிஎஸ்டியிலும் 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் திருத்தப்பட்டு, 12, 28 என்ற இரண்டு அடுக்குகளும் பெரும்பாலும் போய்விட்டன. பழைய புத்தகத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு சரியாகவே இருக்கும், விடை தப்பாக இருக்கும்.

தமிழ் வழியில் பிளஸ் டூ வரை படித்தவர்கள் ஆண்டறிக்கையின் ஆங்கிலத்தைப் பார்த்து மிரள்வதுண்டு. முந்நூறு பக்கம் இருக்கும். முதல் பாதியில் வழவழப்பான தாளில் படமும் தலைவர் உரையும். அதைத் தாண்டுங்கள். தணிக்கையாளர் அறிக்கையை முதலில் படியுங்கள். அந்த வாசகங்கள் கம்பெனிக்குக் கம்பெனி பெரிதாக மாறுவதில்லை. இரண்டு அறிக்கை படித்துவிட்டால் மூன்றாவதில் வழக்கத்துக்கு மாறான பத்தி எது என்று கண்ணே காட்டிக்கொடுக்கும். பிறகு இருப்புநிலைக் குறிப்பு, ரொக்க ஓட்டம், குறிப்புகள். தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகப் பிறந்து, 2022-இல் பங்குச் சந்தைக்கு வந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வங்கிக் கணக்கு எப்படி வேறுபடுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கம்பெனிகள் மார்ச் 31-இல் கணக்கை முடித்து, செப்டம்பர் 30-க்குள் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே அறிக்கை வெளியாகிவிடும். அதாவது நீங்கள் முதல் செமஸ்டரில் காலடி வைக்கிற ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சுடச்சுட வந்துகொண்டிருக்கும். ராஜபாளையம் மில்ஸ் அறிக்கையை இறக்கி, இணை நிறுவனங்கள் பற்றிய குறிப்பைத் தேடி எடுங்கள். இருபது விழுக்காட்டுக்கும் குறைவாக வைத்துக்கொண்டு எப்படி என்ற அந்தக் கேள்விக்கு விடையை ஒரு தாளில் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னும் நல்லது, அறிக்கையை அவர் முன்னால் திறந்து வைத்து வாதாடலாம்.