துண்டுச் சீட்டும் ரிலீவிங் லெட்டரும்

(போடிநாயக்கனூர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பகுதிப் பிள்ளைகள் தொலைக்காட்சிகளில் கேமரா பிடிக்கிறார்கள், எடிட்டிங் செய்கிறார்கள், செய்தி வாசிக்கிறார்கள். இந்தத் துறையின் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை வருவதுண்டு: வேலையை விட்டால் சில மாதங்களுக்கு வேறு சேனலில் சேரக்கூடாது. தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆய்வு செய்கிற எனக்கு அது பழைய சரக்காகவே தெரிகிறது.

1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் சிறைக்கு அனுப்ப முடிந்தது. 1925இல்தான் அது நீக்கப்பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களைக் கட்டிவைத்தது 'துண்டு'. கடன் தொகை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை அடைத்தால்தான் வேறு தோட்டம் போகலாம். 1921இல் அதையும் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. ஒப்பந்தக் காலம் முடியும்வரை போட்டி நிறுவனத்துக்குப் போகாமல் தடுக்கலாம் என்று 1967இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வேலையை விட்ட பிறகும் தொடரும் தடையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

பிறகு ஏன் பயப்படுகிறோம்? விஷயம் நீதிமன்றம் வரை போவதே இல்லை. ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைத்தால் போதும். அடுத்த சேனல் கேட்கும் முதல் காகிதம் அதுதான். இன்றைய துண்டு அது.

சென்னையில் சொந்த வீடும், இன்னொரு சேனலில் உறவினரும் உள்ளவர் ஆறு மாதம் காத்திருப்பார். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் முதல் தலைமுறைப் பட்டதாரி காத்திருக்க முடியாது. ஒரே நிபந்தனைதான், ஆனால் சாதியும் சொத்தும் பார்த்தே அது கனக்கிறது. சாதி என்பது தொழிலாளர்களைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதினார். பிடித்த தொழிலுக்கு மாறும் உரிமையை அது பறிக்கிறது என்றும் சொன்னார். அந்த உரிமையைப் போராடிப் பெற்றவர்களிடம், எந்த வாசலில் வேலை கேட்கலாம் என்பதை இப்போது முதலாளி தீர்மானிக்கிறார்.

"நாங்கள்தான் பயிற்சி கொடுத்தோம், முகத்தைப் பிரபலமாக்கினோம்" என்கிறார்கள். நிறுவனத்தின் ரகசியத்தைக் காக்கத் தனி நிபந்தனை போடட்டும். கேமரா பிடிக்கும் கை ரகசியமல்ல, அது தொழிலாளியின் சொத்து.

போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகும் பெண், முன்பணம் வாங்காதவரை, கூலி கட்டுப்படியாகாவிட்டால் நாளை வேறு எஸ்டேட் ஜீப்பில் ஏறலாம். சங்கம் இல்லாத இடத்தில் தொழிலாளிக்குப் பேரம் பேச இருக்கும் பலம் இது ஒன்றுதான். சேனலில் அதைத்தான் பறிக்கிறார்கள்.

நியூயார்க் மாநிலம் 2008இல், நிர்வாகப் பதவியில் இல்லாத ஒளிபரப்பு ஊழியர்கள் மீது இத்தகைய தடை போடக்கூடாதென்று தனிச் சட்டமே இயற்றியது. இங்கும் அது வேண்டும். விலகுபவருக்கு உடனே ரிலீவிங் லெட்டர் தருவதையும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, தம்பி தங்கைகளே, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தின் நகலை வாங்குங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். தனியாகப் போய்க் கேட்காமல், சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்.

ஜெய்பீம்.