கடல் கடந்து கண்ட கிறிஸ்மஸ்
(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"வெளிநாட்டில் கிறிஸ்மஸ்" என்னும் தலைப்பில் பேசும்படி பணித்தார்கள். வளைகுடாவுக்குப் பிள்ளையையோ கணவரையோ அனுப்பாத தெரு நம் பங்கில் இல்லை. ஆகவே இது என் கதை மட்டுமன்று.

1996இல் துபாயில் எனக்கு முதல் கிறிஸ்மஸ். டிசம்பர் 25 அங்கே அரசு விடுமுறை அன்று. அவ்வாண்டு அது புதன்கிழமை. விடிகாலையில் வேலைக்குப் போயாக வேண்டும். முந்தின இரவு புனித மரியன்னை ஆலயத்திற்குச் சென்றேன். துபாய் ஆட்சியாளர் ஷேக் ராஷித் அவர்கள் கொடையாகத் தந்த நிலத்தில் 1967இல் தொடங்கிய ஆலயம் அது. முற்றமெல்லாம் மக்கள் வெள்ளம்: மலையாளிகள், கோவாக்காரர்கள், பிலிப்பைன்ஸ் நாட்டவர். திருப்பலியில் பக்கத்தில் நின்ற அந்நியர் ஒருவர் என் கையைப் பற்றிச் சமாதானம் சொன்னார். மொழி புரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

அறைக்குத் திரும்பினேன். எட்டுப் பேரில் கிறிஸ்தவன் நான் ஒருவனே. உடனிருந்த கீழக்கரை பாய் ஒருவர், சிமெண்டுப் பைத் தாளைக் கசக்கிக் குடில் ஒன்று செய்து வைத்திருந்தார். "உங்க வீட்டுல இப்படித்தானே வைப்பீங்க, தம்பி?" என்றார். சொந்த ஊரில் கட்டிய எந்தக் குடிலும் எனக்கு அவ்வளவு அழகாய்த் தோன்றியதில்லை.

மறுநாள் மாலை அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "சாப்பிட்டியாப்பா?" என்றார்கள். "பிரியாணிம்மா" என்றேன். உண்மையில் குப்பூசும் பருப்பும்தான். "இங்கேயும் எல்லாம் நல்லா நடந்துச்சுப்பா" என்றார்கள். அதுவும் பொய் என்பது ஊர் திரும்பிய பிறகே தெரிந்தது. அன்று வீட்டில் அடுப்பே எரியவில்லை, குடிலும் வைக்கவில்லை. வெளிநாட்டுப் பணம் வருகிற வீடுதானே என்று, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே எனக்கு ஒரு பாய் இருந்தார். இங்கே என் தாய்க்கு, இத்தனை பேர் உள்ள பங்கில், ஒருவரும் இல்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானே அதே தவற்றைச் செய்தேன்.

சென்ற கிறிஸ்மஸ் இரவு நம் கோவிலின் கடைசித் தூணருகே நாலைந்து இளைஞர்கள் நின்றார்கள். ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். 1885 முதல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளார் உழைத்த சோட்டாநாக்பூர் மண்ணின் கத்தோலிக்கப் பிள்ளைகள். தமிழ்ப் பூசை புரியாமலே கைகுவித்து நின்றார்கள். துபாயில் நான் நின்றதைப் போலவே! அவர்களைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நினைவு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே பொன்விழா ஆண்டில் இரண்டு வேண்டுகோள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு, அன்பியத்தார் கிறிஸ்மஸ் அன்று கட்டாயம் செல்ல வேண்டும். திருப்பலி முடிந்ததும், அந்தத் தொழிலாளத் தம்பிகளை நம் வீட்டுப் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். முதல் இருவருக்கு என் வீட்டில் இலை போட்டாயிற்று.

திருக்குடும்பமே எகிப்தில் அந்நியராய் வாழ்ந்த குடும்பம் அல்லவா? அன்று அவர்களுக்கும் யாரோ ஒருவர் கதவு திறந்திருப்பார். அந்த ஒருவராக நாம் இருப்போமாக!