நீரடியில் எழுந்த அடித்தளங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கட்டடம் என்ற சொல்லைக் கேட்டதும் மனக்கண்முன் எழுவன கோபுரமும் மாடமும் தூணும் வளைவுமே. கண்ணுக்குத் தெரியும் பகுதியையே கவிஞர் பாடினர். பயணிகளும் அதனையே வியந்து எழுதினர். மண்ணுக்குள் மறைந்த அடித்தளத்தை நினைப்போர் சிலர். அவ்வடித்தளம் நீருக்கடியில் அமைந்துவிட்டால் அதனை நினைப்போர் அவரினும் சிலர். ஆயினும் மாந்தரின் அறிவும் துணிவும் உடலுழைப்பும் ஒருங்கே கடுஞ்சோதனைக்கு உள்ளான இடங்களுள் நீரடியும் ஒன்று. அங்கே கல்லை வைத்தவர் யாவர், எவ்வாறு வைத்தனர், வைத்தவரை உலகம் எவ்வாறு நினைவிற் கொண்டது என்னும் மூன்று வினாக்களே இவ்வுரையின் பொருளாகும்.

நீரடியில் கட்டுவதற்கு மாந்தர் கண்ட வழிகளை மூன்றாக வகுக்கலாம். நீரை அப்புறப்படுத்திவிட்டுக் கட்டுவது ஒன்று. காற்றின் வலிமையால் நீரைத் தடுத்து நிறுத்திக் கட்டுவது மற்றொன்று. நீருக்குள்ளேயே இறங்கி நின்று கட்டுவது மூன்றாவது.

நீரை விலக்கல்

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தம் நூலின் ஐந்தாம் பகுதியில் துறைமுகம் அமைக்கும் முறையை விரித்துரைக்கிறார். மரங்களை இரு வரிசையாக நெருக்கி ஊன்றி, இடைவெளியில் கோரைக் கூடைகளில் அடைத்த களிமண்ணை இட்டு இறுக்கினால் நீர்புகா அரண் ஒன்று உருவாகும். அரணுக்குள் அகப்பட்ட நீரை இறைத்துவிட்டால் கடலின் அடி வெற்றுத் தரையாகக் காட்சி தரும். அங்கே அடித்தளம் தோண்டலாம். இன்று பாலத்தூண் எழுப்புவோர் எஃகுத் தகடுகளை அடித்து இறக்கி அமைக்கும் தற்காலிகச் சுற்றணைக்கும் அடிப்படைக் கருத்து அதுவே.

அந்நூல் இன்னொரு வழியையும் கூறும். நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியில் கிடைக்கும் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடும் உடைகல்லோடும் கலந்து, கடலுக்குள் இறக்கிய மரச் சட்டங்களுக்குள் நிரப்பினால், அக்கலவை நீருக்குள்ளேயே இறுகிப் பாறையாகும். யூதேயாவின் அரசன் ஏரோது கி.மு. 22 அளவில் கட்டத் தொடங்கிய செசரியா நகரின் துறைமுகத்திற்கு இச்சாம்பல் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தது. இக்காலக் காங்கிரீட்டைக் கடல்நீர் நாளடைவில் அரிக்கும். உரோமானியர் காரையையோ அதே கடல்நீர் உறுதிப்படுத்தியது. நுண்துளைகளில் ஊடுருவிய கடல்நீர் சாம்பலோடு வினைபுரிந்து புதிய படிகங்களை உள்ளே வளர்த்ததை 2017-இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக் காட்டியது. துறைமுகத்தை எழுப்பியவன் ஏரோது என்று வரலாறு கூறுகிறது. அலைக்குள் இறங்கிச் சட்டங்களை நிலைநிறுத்தியவர் பெயர்கள் அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை.

காற்றால் தடுத்தல்

ஆழம் மிகுந்து, அடியில் சேறும் மணலும் பெருங்கனத்திற் கிடக்கும் இடங்களில் சுற்றணை எளிதில் பயன்தராது. அத்தகைய இடங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டு கண்ட கருவி கெய்சன் எனப்படும் அடியில்லாப் பெட்டி. குவளை ஒன்றைக் கவிழ்த்து நீருக்குள் அழுத்தினால் உள்ளே காற்று தங்கும்; நீர் நிரம்பாது. அக்குவளையை ஒரு மாளிகை அளவிற்குப் பெருக்கி, ஆற்றடியில் கவிழ்த்து, மேலிருந்து அழுத்தக் காற்றை இடைவிடாது செலுத்தினால், உள்ளே மனிதர் நின்று மண்ணைத் தோண்டலாம்.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் இவ்வாறு எழுந்தது. புரூக்ளின் கரையில் 1870-இல் இறக்கப்பட்ட மரப்பெட்டி 168 அடி நீளமும் 102 அடி அகலமும் உடையது. அதன் கூரைமேல் கற்கோபுரம் உயர உயர, உள்ளே இருந்தோர் தோண்டத் தோண்ட, பெட்டி மெல்ல மெல்லக் கீழிறங்கியது. புரூக்ளின் பக்கத்தில் 44½ அடி ஆழத்திலும், மன்ஹாட்டன் பக்கத்தில் 78½ அடி ஆழத்திலும் அவை நின்றன. பின்னர்ப் பெட்டிகளின் உள்ளறை முழுவதும் காங்கிரீட்டால் நிரப்பப்பட்டது. பாலத்தின் இரு பெருங்கோபுரங்களையும் அம்மரப்பெட்டிகளே இன்றளவும் தாங்கி நிற்கின்றன.

அப்பெட்டிக்குள் இருந்த உலகம் விந்தையானது. வெப்பமும் ஈரமும் மிகுதி. குரல் மெலிந்து ஒலிக்கும். ஊதி அணைத்த மெழுகுவர்த்தி தானே மீண்டும் பற்றிக்கொள்ளும். அங்கே உழைத்தோர் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்தும் செருமனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆழம் கூடக்கூட, மேலேறி வந்தவர்களுக்கு மூட்டுகளில் பொறுக்கவொண்ணா வலியும், சிலர்க்குப் பக்கவாதமும் ஏற்பட்டன. பணியிட மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 110 நோயாளரைப் பதிவு செய்தார், மூவர் இறந்தனர். மிசிசிப்பி ஆற்றின்மேல் செயிண்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டி, 1874-இல் திறக்கப்பட்ட பாலத்தில் இறந்தோர் தொகை இதனினும் மிகுதி.

நோய் தொழிலாளரோடு நிற்கவில்லை. புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் அதே நோயால் வீழ்ந்து, எஞ்சிய பணியை அறைக்குள் இருந்தவாறே நடத்த நேர்ந்தது. அவர்தம் மனைவி எமிலி, பொறியியல் நூல்களைக் கற்று, கணவரின் கட்டளைகளைப் பணியிடத்திற்கு எடுத்துச் சென்று, ஐயம் எழுப்பியோர்க்கு விடையளித்து, 1883-இல் பாலம் திறக்கும்வரை துணைநின்றார். அவர் பங்கைப் போற்றும் தகடு ஒன்று பாலத்தில் பதிக்கப்பட்டது 1951-இல்தான்.

நோயின் காரணத்தைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878-இல் விளக்கினார். அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கையில் நைட்ரசன் குருதியிற் கரைகிறது. அழுத்தம் திடீரென்று குறைந்தால் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழிகளாக வெளிப்பட்டு உடலைத் தாக்குகிறது. படிப்படியாக மேலேறுவதற்குரிய கால அட்டவணைகளை 1908-இல் ஜே. எஸ். ஹால்டேனும் அவருடைய துணைவரும் வெளியிட்டனர். அதற்குள் பாலங்கள் பல எழுந்துவிட்டன.

மனிதரை ஆழத்தில் இறக்குவதைக் குறைக்கும் வழியும் பின்னர்ப் பெருகிற்று. கரையிலேயே சுரங்கக் குழாய்களை வார்த்து, இரு முனைகளையும் அடைத்து மிதக்கவிட்டு, கடலடியில் வெட்டிய அகழிக்குள் அமிழ்த்தி ஒன்றோடொன்று இணைக்கும் முறை அது. 2013-இல் திறக்கப்பட்ட இசுதான்புல் நகரின் மர்மராய் இரயில் சுரங்கத்தில் 11 குழாய்கள் ஏறக்குறைய 60 மீட்டர் ஆழத்தில் பாஸ்பரஸ் நீரிணையின் அடியில் இவ்வாறு இணைக்கப்பட்டன. ஆயின் எந்தப் பெட்டியும் எந்தக் குழாயும் நுழைய இயலாத இடங்களும் உண்டு. ஏற்கெனவே எழுந்து நிற்கும் கட்டடத்தின் அடியில் நீர் நிறைந்திருந்தால் என் செய்வது? இவ்வினாவிற்கு விடையாக அமைந்ததே மூன்றாம் வழி.

நீருக்குள் நின்று கட்டல்

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம் 1079-இல் கட்டத் தொடங்கப்பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கிழக்குப் பகுதியை விரிவாக்கியோர், சதுப்பு நிலத்தின்மேல் பீச் மரக் கட்டைகளைப் பரப்பி அவற்றின்மேல் சுவரெழுப்பினர். கட்டைகளுக்கடியில் இருந்தது, மட்கிய செடிகொடிகளாலான மென்மண். எழுநூறு ஆண்டுகளில் அம்மண் அமுங்க, சுவர்கள் சாய்ந்தன. விரிசல்களிலிருந்து கற்கள் உதிர்ந்தன. 1905-இல் கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சன், பிரான்சிஸ் ஃபாக்ஸ் என்னும் பொறியாளரை அழைத்தார்.

சுவரோரம் குழி தோண்டி, மென்மண்ணை அகற்றி, அதன் கீழுள்ள கெட்டியான சரளையின்மேல் புதிய அடித்தளம் எழுப்புவதே திட்டம். ஆனால் மென்மண்ணைத் துளைத்த அளவில் நிலத்தடி நீர் பொங்கி எழுந்து குழியை நிரப்பியது. பம்பு வைத்து இறைத்தால் நீரோடு அடிமண்ணும் வெளியேறிப் பேராலயமே சரியக்கூடும். எனவே நீரை இறைக்காமலே பணிசெய்ய ஃபாக்ஸ் முடிவு செய்தார். அதற்கென அழைக்கப்பட்டவர் வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பவர்.

1906 முதல் 1911 வரை, நாள்தோறும் ஏறக்குறைய ஆறு மணி நேரம், அவர் அக்குழிகளுக்குள் இறங்கினார். நீரின் ஆழம் ஆறு மீட்டர் வரை. சேறு கலந்த அந்நீரில் விளக்கு பயன்படாது, கண்ணிருந்தும் இருளே. விரல்களால் தடவித் தடவியே மென்மண்ணைத் தோண்டி அகற்றினார். சரளையைத் தொட்டறிந்தபின் காங்கிரீட் பைகளை அதன்மேல் அடுக்கி, அவற்றைக் கிழித்துப் பரப்பினார். அது இறுகியதும் கீழிருந்து ஊறும் நீர் அடைபட்டது. அதன்பின்னரே குழியை இறைக்க முடிந்தது. கொத்தர்கள் இறங்கிச் செங்கல்லும் காங்கிரீட் கட்டிகளும் வைத்துப் பழைய சுவரின் அடிவரை கட்டி முடித்தனர். பின்னர் அடுத்த குழி. இவ்வாறு 235 குழிகள்.

அவர் அணிந்த உடையும் தலைக்கவசமும் ஈயக் காலணியும் சேர்ந்து ஏறக்குறைய 90 கிலோ. அதனைக் களைவதும் மீண்டும் அணிவதும் நெடும்பொழுது எடுக்குமாதலின், நண்பகலில் தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு உணவருந்திப் புகைக்குழாய் பிடிப்பார் என்பர். பணி முடிந்தபோது சுவர்களின் அடியில் 25,800 காங்கிரீட் பைகளும், 1,14,900 காங்கிரீட் கட்டிகளும், 9,00,000 செங்கற்களும் சென்றிருந்தன. அவற்றை வைக்க உழைத்த கொத்தரும் கூலியாளரும் ஏறக்குறைய 150 பேர்.

1912 சூலை 15 அன்று நடந்த நன்றி வழிபாட்டில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கலந்துகொண்டார். வாக்கருக்கு அரச விருதும் கிட்டியது. 1918-இல் உலகை வாட்டிய நச்சுக் காய்ச்சலில் அவர் மறைந்தார்.

முகமும் பெயரும்

வரலாறு இவ்விடத்தில் முடியவில்லை. 1964-இல் பேராலயத்திற்குள் வாக்கருக்குச் சிறு சிலை ஒன்று வைக்கப்பட்டது. முக்குளிப்பு உடை பொருந்தியிருந்தது, பெயரும் பொருந்தியிருந்தது. முகம் மட்டும் பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸினுடையது! பலர் கூடி நின்ற பழைய நிழற்படம் ஒன்றில் சிற்பி ஆளை மாற்றிக் கொண்டதே காரணம் என்பர். உரிய முகத்தோடு புதிய சிலை வைக்கப்பட்டது 2001-இல். இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகள், அச்சிலைமுன் நின்று வணங்கியோர் கைகளால் உழைத்தவரின் பெயரைப் படித்து, திட்டமிட்டவரின் முகத்தையே கண்டு சென்றனர். ஃபாக்ஸின் அறிவுக்குரிய பெருமை குறைந்ததன்று. ஆயினும் இருளில் மண்ணைத் தடவிய விரல்கள் அவருடையவை அல்ல.

இலக்கிய அன்பர்கள் அப்பேராலயத்தில் காணத்தக்க இன்னொரு கல்லும் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1817-இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். அவர்தம் கல்லறைக் கல் அவருடைய நற்குணங்களைப் பேசுகிறது. அவர் நாவல்கள் எழுதியவர் என்ற செய்தி அதில் இல்லை. எழுத்தைக் குறிப்பிடும் பித்தளைத் தகடு 1872-இல்தான் அருகே பதிக்கப்பட்டது. ஒரே கூரையின்கீழ் ஒருவருக்கு முகம் மாறிற்று. மற்றொருவருக்குச் செயல் மறைந்தது.

சங்கப் பாடல்களைத் தொகுத்த தமிழ்ச் சான்றோர் இத்தகைய சிக்கலை எதிர்கொண்ட விதம் ஈண்டு எண்ணத்தக்கது. பாட்டு கையில் இருந்தது. பாடியவர் பெயர் கிட்டவில்லை. புகழ்பெற்ற புலவர் ஒருவர் பெயரை அதன்கீழ் எழுதிவிடுதல் எளிது. தொகுத்தோர் அவ்வாறு செய்யவில்லை. சில பாடல்களைப் பெயரின்றியே விட்டனர். வேறு சிலவற்றில் பாடலின் சிறந்த தொடரையே எடுத்துப் பாடியவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்னும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவையே. அறியாத இடத்தில் பிறர் முகத்தை ஒட்டாமல், செய்தவரின் செயலிலிருந்தே பெயரை எடுத்த நேர்மை அது.

பத்தாண்டு நிறைவில் ஓர் இலக்கிய வட்டம் மலர் வெளியிடும்போது, மேடையேறியோர் பெயர்கள் தாமே அதில் இடம்பெறும். நாற்காலி அடுக்கியவர், அழைப்பிதழை வீடுவீடாகக் கொண்டு சென்றவர், பிழை திருத்தியவர், கேட்பதற்கென்றே மாதந்தோறும் தவறாது வந்து கடைசி வரிசையில் அமர்ந்தவர் ஆகியோரின் பெயர்கள் தாமாக வந்து சேர்வதில்லை. தேடி எழுதவேண்டியவை அவை. எழுதுகையில் உரிய பெயருக்கு உரிய முகமே அமைவதாகுக.

வளர்க இலக்கிய வட்டம்! வாழ்க தமிழ்!