மின்பெட்டியில் எர்த் கம்பி இணைப்பு

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மிக்சியும் கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் இன்று நம் கிராமத்து எளிய வீடுகளிலும் இடம் பெற்றுவிட்டன. சுவரில் மூன்று துளைப் பிளக்கைக் கண்டதும் எர்த் இருக்கிறதென்று நாம் நம்பிவிடுகிறோம். அந்தப் பெரிய துளைக்குப் பின்னால் கம்பி வருகிறதா, வந்தால் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்ப்பவர் மிகச் சிலரே. பெட்டிக்குள் இருக்கும் அந்த இணைப்பைப் பற்றியே இன்று பேசுவோம்.

விளக்குக்குச் செல்லும் கம்பி தளர்ந்தால் விளக்கு மினுக்கும், உடனே தெரிந்துவிடும். எர்த் கம்பி தளர்ந்தால் ஒன்றுமே தெரியாது. கிரைண்டருக்குள் ஒரு கம்பி தோலுரிந்து இரும்பு உடலைத் தொடும் அன்றுதான் அதற்கு வேலை வருகிறது. அப்போது மின்சாரம் தடையின்றிப் பாய்ந்தால்தான் எம்.சி.பி. விழும். இணைப்பு களிம்பேறி, செல்லும் வழியில் மொத்தம் 23 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 230 வோல்ட்டில் 10 ஆம்பியரே பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. கிரைண்டர் மின்னேறியபடியே நிற்கும். ஈரக்கையால் மாவு வழிப்பவர் அதனைத் தொடுவார்.

நம் பகுதிகளில் பெரும்பாலும் காணும் முறை, முதல் பிளக்கின் எர்த் திருகாணியிலிருந்து இரண்டாவதற்கும், அதிலிருந்து மூன்றாவதற்கும் கம்பியை இழுத்துச் செல்வதாகும். பழுதான முதல் பிளக்கைக் கழற்றும்போது பின்னுள்ளவை அனைத்தும் எர்த்தை இழக்கின்றன. மாற்றுபவர் திரும்ப மாட்ட மறந்தால் கேட்பாரில்லை. ஆகையால், பெட்டிக்கு வரும் எர்த் கம்பிகளையும், அங்குள்ள ஒவ்வொரு பிளக்கிற்கும் ஒரு சிறு துண்டுக் கம்பியையும் ஒரே இடத்தில் சேர்த்து இணைக்கவேண்டும். பிளக்கிற்குச் செல்வது அந்தத் துண்டு மட்டுமே. பெட்டி இரும்பாயின், இன்னொரு துண்டை அதன் உடலில் திருகாணியால் இறுக்கவேண்டும்.

சேர்ப்பதற்குத் திருகாணியுள்ள பித்தளைக் கனெக்டரோ, அதற்குரிய குறடால் நசுக்கும் செப்புக் குழலோ ஏற்றது. இறுக்கியபின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே இழுத்துப் பார்க்கவேண்டும். கையால் முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பாகாது. டேப்பின் பசை வெயிலில் இளகும், முறுக்கும் நாளடைவில் தளரும். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கினாலோ ஈரம் பட்டு அரித்துவிடும். 16 ஆம்பியர் பிளக்கிற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, பச்சை அல்லது பச்சையில் மஞ்சள் கோடிட்டதாக இருக்கட்டும். அதன் வழியில் சுவிட்சோ பியூஸோ கூடாது.

சிலர் எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்துவிடுகின்றனர். டெஸ்ட் விளக்கும் பளிச்சென்று எரியும். ஆனால் நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், சுவிட்சைப் போட்டவுடன் சாதனத்தின் உடலிலேயே மின்சாரம் ஏறும். இதனை நாம் வேலை என்று சொல்வதற்கில்லை. மேலும், விளக்கு எரிவது நல்ல எர்த்துக்குச் சான்றுமாகாது. 100 வாட் பல்புக்கு அரை ஆம்பியருக்கும் குறைவே போதும். எர்த் டெஸ்டரால் அளப்பதே முறை. நிலத்தொடர்பு முழுமைக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3043 நெறிமுறை உள்ளது.

30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.டி. பொருத்தினால் எர்த் எதற்கு என்று கேட்கலாம். எர்த் இருந்தால் பழுது நேர்ந்த கணமே அது விழும். இல்லையேல், ஒருவர் தொட்டபின்தான் விழும். இரண்டும் வேண்டும்.

விவசாயிகளுக்கு ஒன்று. பம்பு செட் மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் கம்பிகள் வேண்டுமென்பது விதி. இரண்டையும் ஒரே திருகாணியில் மாட்டினால் அது ஒன்றே.

ஊராட்சிக் கட்டடங்களிலும் அங்கன்வாடிகளிலும் மின்வேலை முடிந்ததும், மூடியைப் பூட்டுமுன் உறுப்பினர்கள் நேரில் செல்லவேண்டும். மெயினை நிறுத்தச் செய்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு ஒவ்வொரு பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். எர்த் டெஸ்டர் காட்டிய அளவை எழுதி வாங்கிய பின்னரே பில்லில் கையெழுத்திடுங்கள்.