உப்புக்கல்லுக்குள் எவ்வளவு இடம்?

(தர்மபுரத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகளுக்கு எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டை விழாவோடு முடிக்காமல், உங்களோடு ஒரு கணக்கும் செய்து பார்க்க வந்திருக்கிறோம். ஓர் அணுவின் ஆரை தெரிந்தால் கனவளவைக் காண்பது எப்படி? கோளத்தின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: 4/3 × பை × ஆரை × ஆரை × ஆரை. ஆரை இரட்டித்தால் கனவளவு எட்டு மடங்காகும். ஆகவே ஆரையில் விடும் சிறு பிழையும் விடையில் பெருகும்.

ஆனால் எந்த ஆரை? உலோகத்தில் சோடியம் அணுவின் ஆரை 0.186 நனோமீற்றர். ஓர் இலத்திரனை இழந்து அயனானதும் அது 0.102 ஆகச் சுருங்குகிறது. கனவளவோ ஏறத்தாழ ஆறில் ஒன்றாகிவிடுகிறது. அணுவுக்குப் பந்தைப்போலக் கடினமான மேற்பரப்பு இல்லை. அயல் அணுக்களின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை எக்ஸ் கதிரால் அளந்தே ஆரையைச் சொல்கிறோம். உப்புப் பளிங்கின் கட்டமைப்பை 1913 இல் லோறன்ஸ் பிறாக் இவ்வழியில்தான் கண்டறிந்தார். பென்சீன் வளையம் தட்டையானது என்று 1929 இல் இதே முறையால் காட்டியவர் கத்லீன் லொன்ஸ்டேல் என்ற பெண். றோயல் சொசைற்றி 1945 இல் முதன்முதல் அங்கத்தவராக ஏற்ற இரு பெண்களில் அவரும் ஒருவர்.

இனி எங்கள் ஆனையிறவு உப்பை எடுப்போம். சோடியம் அயனின் கனவளவு 0.0044 கன நனோமீற்றர். குளோரைட்டு அயனின் ஆரை 0.181, கனவளவு 0.0248. இரண்டும் சேர்ந்து 0.0292.

இதை வேறு வழியால் சோதிப்போம். ஒரு மூல் உப்பு 58.44 கிராம். அடர்த்தி 2.16 என்பதால் அதன் கனவளவு 27 கன சென்ரிமீற்றர். அதற்குள் 6.022 × 10 இன் 23 ஆம் அடுக்குச் சோடி அயன்கள் உள்ளன. வகுத்தால் ஒரு சோடிக்குக் கிடைக்கும் இடம் 0.0448 கன நனோமீற்றர். அயன்கள் நிரப்புவது அதில் 65 சதவீதமே. மீதி, கோளங்களை அடுக்கும்போது தவிர்க்கமுடியாத இடைவெளி. தோடம்பழப் பெட்டியிலும் இதைத்தானே காண்கிறோம்! ஆகவே பொருளின் கனவளவை அணுவின் கனவளவால் வகுத்து அணுக்களை எண்ணக்கூடாது. வினாத்தாளில் பலர் வழுக்குவது இங்கேதான்.

அடர்த்தியை நீங்களே அளக்கலாம். உப்பு தண்ணீரில் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. அளவுச்சாடியில் மண்ணெண்ணெய் விட்டு, உலர்ந்த உப்பு 21.6 கிராம் இடுங்கள். மட்டம் கிட்டத்தட்ட 10 மில்லிலீற்றர் உயரும். அருகில் நெருப்பு வேண்டாம். ஆசிரியர் பக்கத்தில் நிற்கட்டும்.

இங்கிருந்து ஏ-35 வீதியால் மேற்கே போனால் பரந்தன். அங்கு 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை, உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் எடுத்தது. போர் அதை நிறுத்தியது. கட்டடத்தை எவரும் திருப்பிக் கட்டலாம். அதற்குள் நின்று கணக்குப் பார்க்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. சூத்திரத்தை மனனம் செய்வதோடு நில்லாமல், ஒரு விடையை இரு வழிகளில் சோதித்துப் பார்க்கும் பிள்ளைகள் இந்த வகுப்பிலேயே இருக்கிறார்கள் என்று நம்புகிறோம்.